93 வயது வரை மட்டக்குதிரையில் மலை சுற்றிய பாட்டி!
கால் விழுந்தும் கீழே இறங்க மறுத்தார். டாக்டர் மகன் கெஞ்சியும் பலன் இல்லை

கொல்லிமலைக்கு பஸ் ஏறுகிறவர்கள் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணிக்கொண்டே போவார்கள். பாதி தூரத்திலேயே சிலருக்குத் தலை சுற்ற ஆரம்பித்துவிடும்.

இந்த ரோடு எல்லாம் வருவதற்கு முன்பே இந்தப் பக்கத்து மலைகளில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி குடியிருந்தார். முழங்காலுக்குக் கீழே மரத்துப்போன கால்கள். முதுகெலும்பில் முறிவு. தொடை எலும்பு ஒரு தடவை உடைந்தது. ஆனாலும் மட்டக்குதிரையில் ஏறிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றினார்.

அவர் பெயர் எவலின் பிராண்ட். அவரது மகன் உலகப் புகழ் பெற்ற டாக்டர். அந்த மகன் எவ்வளவோ சொல்லியும் பாட்டி மலையை விட்டு இறங்கவில்லை!

அவரது வாழ்க்கை விவரம் வருமாறு:-

பணக்கார வீட்டுப் பெண்

எவலின் 1879-ம் ஆண்டு பிறந்தவர். லண்டனில் வசதியான குடும்பம். நன்றாகப் படம் வரைவார். கிறிஸ்தவ ஊழியம் செய்வதற்காக இந்தியாவுக்கு வந்தார்.

1913-ல் ஜெஸ்ஸி பிராண்ட் என்ற மிஷனரியைக் கல்யாணம் செய்துகொண்டார். அப்போது எவலினுக்கு வயது 34. கல்யாணம் ஆன கையோடு இரண்டு பேரும் கொல்லிமலைக்குக் குடியேறினார்கள். அன்று சேலம் ஜில்லாவில் இருந்த அந்த மலை, 1997-ல் இருந்து நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது.

அங்கே வாழும் பழங்குடி மக்களை மலையாளிகள் என்று சொல்வார்கள். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் இல்லை. பேசுவது தமிழ்தான்.

மலைக்காய்ச்சல் என்றால் சமவெளி ஆட்கள் நடுங்கிய காலம் அது. பிராண்ட் தம்பதிகள் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார்கள். புண்ணைக் கழுவிக் கட்டினார்கள். சொத்தைப் பல்லைப் பிடுங்கினார்கள். பள்ளிக்கூடம் நடத்தினார்கள். ஆனாலும் அவர்களது மதத்தில் சேர ஆள் வரவில்லை.

உள்ளூர் பூசாரி அவர்களைக் கடுமையாக எதிர்த்தவர். அவரே காய்ச்சலில் சாகக் கிடந்தார். அப்போது தன் பச்சைக்குழந்தையை, ஒரு பெண் பிள்ளையை, அந்தத் தம்பதிகளிடமே ஒப்படைத்துவிட்டுக் கண்ணை மூடினார். மலை ஜனங்களின் மனம் மாறத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

தந்திக்குப் பிறகு வந்த கடிதம்

எவலினுக்கு இரண்டு குழந்தைகள். மகன் பால் பிராண்ட் 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். அடுத்தது ஒரு மகள்.

1923-ல் படிப்புக்காக இரண்டு பிள்ளைகளையும் இங்கிலாந்தில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டு, தாயும் தகப்பனும் மலைக்குத் திரும்பினார்கள். மகனுக்கு அப்போது 9 வயது. மகளுக்கு 6 வயது.

ஊரார் பிள்ளையை எடுத்து வளர்த்தவர், பெற்ற பிள்ளைகளைக் கடல் கடந்து விட்டுவிட்டு வந்தார். அது சரியா, தப்பா என்று இன்றைக்கும் யாரும் கேட்கலாம். அந்தக் காலத்து மிஷனரி குடும்பங்களில் இது வழக்கம்தான். ஆனால் வழக்கம் என்பதால் வலி இல்லாமல் போகுமா?

அந்தப் பையன் தகப்பனை மறுபடி பார்க்கவே இல்லை. 1929 ஜூன் மாதம் ஜெஸ்ஸி பிராண்ட் மலைக்காய்ச்சல் முற்றி இறந்துபோனார். செய்தி தந்தியில் போய்ச் சேர்ந்தது. கடிதங்களோ கப்பலில் போகும். அதனால் தகப்பன் இறந்துவிட்டார் என்று தெரிந்த பிறகும், அவர் எழுதிய கடிதம் மகன் கைக்கு வந்தது!

விதவையாகி இங்கிலாந்துக்குப் போன எவலின் அங்கேயே தங்கிவிடவில்லை. மறுபடியும் இந்தியாவுக்குக் கிளம்பினார். மிஷன் சங்கம் அவரை மலைக்கு அனுப்பாமல் சமவெளியில் வேலை கொடுத்தது. வயது 70-ஐ நெருங்கியதும் ஓய்வு கொடுத்துவிட்டது.

ஓய்வு கிடைத்ததும் அவர் செய்த முதல் காரியம், சொந்தப் பொறுப்பில் மலை ஏறியதுதான். கொல்லிமலை மட்டும் அல்ல. கல்வராயன் மலை, பச்சைமலை என்று பக்கத்து மலைகளுக்கும் போனார்.

இரவு முழுவதும் தரையில்

ஒரு தடவை பாறை நிறைந்த பாதையில் குதிரையில் இருந்து தலைகுப்புற விழுந்தார். அதற்குப் பிறகு முழங்காலுக்குக் கீழே கால்கள் சரியாக வேலை செய்யவில்லை.

75 வயதில் வீட்டுக்குள்ளேயே விழுந்தார். இடுப்பு அருகே எலும்பு முறிந்துவிட்டது. கூப்பிட ஆள் இல்லை. இரவு முழுவதும் வலியோடு தரையிலேயே கிடந்தார். காலையில் வேலையாள் வந்து பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது.

கயிற்றுக் கட்டிலில் போட்டு 4 பேர் மலைப்பாதையில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அதற்கப்புறம் குண்டும் குழியுமான ரோட்டில் 150 மைல் ஜீப் பயணம். நல்ல எலும்பே வலிக்கும் பாதை!

பிழைத்துக்கொண்டார். மீண்டும் மண்சுவர் வீட்டுக்கே போய்விட்டார். தன்னை விட உயரமான இரண்டு மூங்கில் கம்புகளை ஊன்றிக்கொள்வார். பாதம் தரையில் இழுபடக்கூடாது என்று ஒவ்வொரு காலையும் உயரத் தூக்கி வைப்பார். வெளியூர் போக மட்டக்குதிரை இருந்தது.

மகனின் வாதம்

மகன் பால் பிராண்ட் அப்போது வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் பேர் பெற்ற சர்ஜன். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தியவர். தொழுநோயாளிகள் விரல்களை இழப்பது சதை தானாக அழுகுவதால் அல்ல, வலி தெரியாமல் போவதால்தான் என்று எடுத்துக் காட்டியவர். அடி பட்டாலும் சுட்டுக்கொண்டாலும் அவர்களுக்குத் தெரியாது. காயத்துக்கு மேல் காயம் பட்டுக் கை வீணாகிவிடும்.

உணர்ச்சி இழந்த கை கால்களுக்கே வைத்தியம் பார்த்த அந்த மகன், கால் மரத்துப்போன தாயைப் பார்க்க மலைக்குப் போனார். வேலூருக்கு வந்து எங்கள் பக்கத்திலேயே இருங்கள் என்று கேட்டார். முதுகெலும்பு, விலா எலும்பு, தொடை எலும்பு என்று முறிந்ததை எல்லாம் கணக்குப் போட்டுச் சொன்னார். ஆபத்து என்றால் உதவிக்கு ஆள் வரவே ஒரு நாள் ஆகுமே என்றார்.

மகன் சொன்ன எதுவும் பொய் இல்லை. பெற்ற தாயிடம் எந்தப் பிள்ளையும் இதைத்தான் சொல்வான்.

பாட்டி கேட்கவில்லை. நான் போய்விட்டால் இந்த மலையில் புண்ணுக்குக் கட்டுப் போடவும், பல் பிடுங்கவும், ஆண்டவரைப் பற்றிச் சொல்லவும் யார் இருக்கிறார்கள் என்று திருப்பிக் கேட்டார். தேவன் சொன்ன இடத்தில் உதவாத உடம்பைப் பத்திரமாக வைத்து என்ன பிரயோசனம் என்பது அவர் கட்சி. வாதத்தில் டாக்டர் தோற்றார்!

கிணற்றுக்குச் சுவர்

பாட்டி வெறும் பிரசங்கத்தோடு நிற்கவில்லை. மலையில் நரம்புச் சிலந்தி நோய் பரவி இருந்தது. தோலுக்கு அடியில் 2, 3 அடி நீளத்துக்குப் புழு வளரும். புண் உள்ள கால் தண்ணீரில் பட்டால் புழுவின் குஞ்சுகள் தண்ணீரில் கலக்கும். அதைக் குடிப்பவருக்கு நோய் தொற்றும். கிணற்றைச் சுற்றிக் கல் சுவர் வைத்துக் கால் படாமல் தடுத்தால் பாதி வேலை முடிந்தது. பாட்டி இதைத்தான் சொல்லிச் சொல்லிச் செய்ய வைத்தார். நோய் மலையில் அநேகமாக ஒழிந்தது. இந்தியா முழுவதும் இந்த நோய் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது 2000-ம் ஆண்டில்தான்.

கடைசி 20 ஆண்டுகள் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே அவர் வைத்துக்கொள்ளவில்லை. சுருக்கம் விழுந்த அந்த முகத்தைப் போல் அழகான முகத்தைப் பார்த்தது இல்லை என்கிற மாதிரி மகன் பின்னாளில் எழுதி இருக்கிறார்.

அடிக்கடி விழுந்ததால் 93 வயதில் அரை மனதோடு குதிரையை விட்டார். வேலையை விடவில்லை. ஊர் மக்கள் தூளி கட்டி அவரை ஊருக்கு ஊர் தூக்கிப் போனார்கள். இப்படி இன்னும் 2 ஆண்டுகள். 1974 டிசம்பரில் 95 வயதில் காலமானார். நல்ல மரத்தைச் சவப்பெட்டிக்கு வீணாக்குவது அவருக்குப் பிடிக்காது. அவர் விருப்பப்படியே, பழைய துணியில் சுற்றிப் புதைத்தார்கள்.

சட்டம் சொல்வது

பாட்டி போட்ட வழக்கு இன்று பல வீடுகளில் நடக்கிறது. கால் முடியாத தாயை, பார்வை போன தகப்பனைப் பிள்ளைகள் டவுனுக்கு அழைத்துப் போகிறார்கள். பாசத்தோடுதான். ஆனால் எங்கே இருக்க உங்களுக்கு இஷ்டம் என்று கேட்பவர்கள் எத்தனை பேர்?

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவு இதைத்தான் பேசுகிறது. ஊராரோடு சேர்ந்து வாழ்வது மாற்றுத்திறனாளிகளின் உரிமை என்கிறது. குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட முறையில்தான் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு வராமல் பார்த்துக்கொள்ள அரசு முயற்சி செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது.

கட்டில், சக்கர நாற்காலி, கைப்பிடி எல்லாம் கடையில் கிடைக்கும். அவற்றை எந்த வீட்டில் போடுவது என்பதை, உட்காரப் போகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவு செய்யலாம்.