காற்றின் தீவில் ஒரு தகரக் கோயில்

ஸ்காட்லாந்து நாட்டின் வடமுனைக்கு அப்பால், அட்லாண்டிக் பெருங்கடலும் வடகடலும் கலக்கும் இடத்தில், சுமார் 70 தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. இத்தீவுக் கூட்டத்திற்கு ஆர்க்னி என்று பெயர். இங்கே காற்று ஓய்வதே அரிது. உப்புக் காற்றின் வேகத்தால் மரங்கள் உயர்ந்து வளர்வதில்லை. எங்கு நோக்கினும் பசும்புல்வெளியும் கடலுமே காட்சி தரும். கோடையிலும் கம்பளிச் சட்டை வேண்டும். ஜூன் மாதத்தில் இரவு 10 மணிக்கும் சூரியன் மறைவதில்லை!

இத்தீவைச் சுற்றிப் பார்க்க ஏற்றது கேம்பர் வேன். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி ஆகியவை அமைந்த சக்கர வீடு அது. ஸ்கிராப்ஸ்டர் துறைமுகத்தில் வண்டியோடு கப்பலேறினால், சுமார் ஒன்றரை மணி நேரத்தில் ஸ்ட்ராம்னஸ் என்னும் சிற்றூரை அடையலாம். வழியில், ‘ஹாய் தீவின் கிழவர்’ எனப்படும் 137 மீட்டர் உயரப் பாறைத் தூண் கடலோரத்தில் நின்று நம்மை வரவேற்கும்.

இங்கே வண்டியில் தங்குவோர் காற்றின் குணம் அறிந்து நடக்க வேண்டும். இரவில் வண்டியின் முகப்பைக் காற்று வரும் திசை நோக்கி நிறுத்தினால் ஆட்டம் குறையும். பக்கவாட்டில் நிறுத்தினாலோ, தொட்டில் போல் ஆடும்! கதவைத் திறக்கும்போது இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். இல்லையேல் காற்று அதைப் பிடுங்கி வளைத்துவிடும். மேலே உயர்த்தும் கூரையுள்ள வண்டியானால், புயல் வேளையில் அதைத் தாழ்த்திவிட வேண்டும். ஒரு மெல்லிய தகடே நமக்கும் காற்றுக்கும் இடையில் நிற்கிறது என்பதை அவ்விரவுகளில் உணர்கிறோம்.

இக்காற்றை முன்னோர் எவ்வாறு சமாளித்தனர்? அதற்கு விடை ஸ்காரா பிரே என்னும் இடத்தில் உண்டு. 1850ஆம் ஆண்டு வீசிய பெரும் புயல், கடற்கரை மணலை வாரி எறிந்து, சுமார் 5,000 ஆண்டுகள் பழமையான கற்கால ஊர் ஒன்றை வெளிக்காட்டியது. அம்மக்கள் குப்பை மேடுகளுக்குள் புதைந்தாற்போல் வீடு கட்டி, மூடிய நடைவழிகளால் அவற்றை இணைத்திருந்தனர். கல்லாலான கட்டில்களையும் அலமாரிகளையும் இன்றும் காணலாம்.

நாம் தவறாது காண வேண்டிய மற்றோர் இடம் லாம் ஹோம் என்னும் சிறு தீவு. 1939 அக்டோபரில், ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று இங்குள்ள ஸ்காப்பா புளோ துறைமுகத்தில் நுழைந்து, ‘ராயல் ஓக்’ என்ற போர்க்கப்பலை மூழ்கடித்தது. 800க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிறகு கடல் வாயில்களை அடைக்க நான்கு தடுப்பணைகள் கட்டப்பட்டன. அவ்வேலைக்கு இத்தாலியப் போர்க் கைதிகள் 1942இல் கொண்டுவரப்பட்டனர். இன்று அவ்வணைகள் மீதே சாலை செல்கிறது. அலைகள் அணையைத் தாண்டும் நாட்களில் போக்குவரத்தை நிறுத்திவிடுவர்.

குளிரும் காற்றும் நிறைந்த அம்முகாமில், கைதிகள் கேட்டது ஓர் ஆலயம்! 1943இல் இரண்டு நெளிதகரக் கொட்டகைகள் கிடைத்தன. அவற்றை ஒன்றாக இணைத்து, டொமினிக்கோ கியோக்கெட்டி என்ற ஓவியர் தலைமையில் வேலை தொடங்கினர். பீடம் சிமெண்டால் ஆனது. விளக்குகளோ இறைச்சி டப்பாக்களால் ஆனவை! தம் அன்னை தந்த சிறு படத்தைப் பார்த்தே, பீடத்தின் மேல் தேவமாதாவையும் குழந்தை இயேசுவையும் அவர் தீட்டினார். 1944இல் தோழர்கள் வேறிடம் சென்றபோதும், ஞானஸ்நானத் தொட்டியை முடிப்பதற்காக அவர் மட்டும் தங்கினார். 1960இல் மீண்டும் வந்து ஓவியங்களைப் புதுப்பித்தும் கொடுத்தார்.

எதிரிகளின் கோயில் என்று ஆர்க்னி மக்கள் அதை இடித்துவிடவில்லை. இன்றளவும் பேணிக் காக்கின்றனர். இன்றும் அங்கே திருப்பலி நடைபெறுவதுண்டு. நம் வண்டியைப் போலவே அதுவும் வெறும் தகரந்தான். ஆயினும், இத்தனை ஆண்டுகளாக அக்காற்றில் அதைக் காத்து வருவது, கட்டியவர்களின் விசுவாசமும் காப்பவர்களின் அன்பும் அன்றோ!