வற்றாத ஏரியில் விரால் பிடிக்கும் முறை

‘அயிரை விட்டு வரால் பிடிப்பது’ என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. சிறியதைக் கொடுத்துப் பெரியதைப் பெறுவதற்கு அது உவமை. வரால் என்றும் விரால் என்றும் கூறப்படும் அம்மீன் எளிதில் அகப்படாது என்பதும் அதில் அடங்கியுள்ளது.

மழைநீரை மட்டும் நம்பிய ஏரிகளில், கோடையில் நீர் வற்றியதும் விரால் சேற்றில் புதைந்துகொள்ளும், கையாலேயே எடுத்துவிடலாம். நெய்வேலிச் சுற்றுப்புறத்தில் நிலைமை வேறு. 1957இல் தொடங்கிய அச்சுரங்கத்தில், பழுப்பு நிலக்கரிப் படுகையின் கீழ் அழுத்தத்துடன் நிற்கும் ஊற்றுநீரை இறைத்தாலன்றி வேலை நடவாது. அந்நீர் வாலாஜா ஏரிக்கும், பரவனாற்றின் வழியே பெருமாள் ஏரிக்கும் செல்கிறது. இத்தகைய நீர்வரத்து உழவருக்கு நன்மை, விராலுக்கும் நன்மை, மீன் பிடிப்போருக்கோ சோதனை.

கணக்குப் பார்க்கச் சென்ற ஓர் ஊரில், இழுவலையில் கட்லாவும் ரோகுவும் நிறைய வந்தன; விரால் ஒன்றுகூட வரவில்லை. சங்கம் விட்ட கெண்டைக் குஞ்சுகளைத் தின்று வளர்ந்த விரால் அங்கேயே இருந்தது. மனம் சலித்த அங்கத்தினர் சிலர், நீரில் மின்கம்பியைப் போடலாமா என்று ஆலோசித்தனர். நாம் கண்டிப்பாகத் தடுத்தோம். மீன் மட்டுமன்றி, நீரில் நிற்கும் மனிதனும் மாள்வான். வெடியையும் நஞ்சையும் 1897ஆம் ஆண்டுச் சட்டமே விலக்கியது. ஆயின் தடுத்தால் மட்டும் போதுமா? வழியையும் கூற வேண்டுமன்றோ?

விராலைப் பிடிக்கும் திறவுகோல் அதன் மூச்சேயாகும். செவுளால் மட்டும் அதற்கு உயிர் வாழ இயலாது. இடையிடையே நீர்மட்டத்திற்கு வந்து காற்றை உட்கொள்ளும். விடியற்காலையில், காற்று அசையாத வேளையில், பாசியோரம் அமைதியாக நின்று பார்த்தால், அது எழுந்து அமிழும் இடம் தெரியும். அவ்விடத்தை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும்.

இழுவலை தோற்பதற்குக் காரணம், விரால் வலையின் அடிக்கயிற்றுக்குக் கீழே சேற்றில் படிந்துவிடும். அல்லது மேலே துள்ளித் தாண்டிவிடும். ஆகவே பாசியின் ஓரமாகச் செவுள்வலையைத் தளர்ச்சியாக நிறுத்தி, மறுபுறமிருந்து கோலால் தட்டி மீனை விரட்டுக. வலையில் சிக்கியது மேலே வர இயலாவிடில் நீருக்குள்ளேயே மூச்சடைத்துச் சாகும். உயிருள்ள விராலுக்கே நல்ல விலையாதலால், வலையை அடிக்கடி பார்த்தல் அவசியம். மூங்கில் பறி வைப்போரும் அதன் மேற்பகுதி நீருக்கு வெளியே நிற்குமாறு வைத்தல் வேண்டும்.

முழங்காலளவு நீரில் ஊத்தாவே சிறந்தது. குமிழி எழும் இடத்தில் சட்டென அழுத்தி, மேல்வாய் வழியே கையை விட்டு எடுக்கலாம். தூண்டிலுக்கு உயிருள்ள சிறுமீன் ஏற்றது. கரையில் ஊன்றிய மூங்கிலில் கயிற்றைக் கட்டி, இரை நீர்மட்டத்தைத் தொட்டு அசையும்படி விடுக. இரை அடியில் கிடந்தால் பயனில்லை.

இறுதியாக ஒரு வேண்டுகோள். மழைக்காலத்தில் செந்நிறக் குஞ்சுகள் திரளாக நீர்மேல் மேய்வதைக் காணலாம். அத்திரளின் கீழே பெற்ற மீன் காவல் நிற்கும். அப்பொழுது அது எதிர்ப்பட்டதையெல்லாம் கடிக்குமாதலால் பிடிப்பது எளிது. பிடித்தால் ஒரு மீன் கிடைக்கும். காவலிழந்த குஞ்சுகளோ பிற மீன்களுக்கு இரையாகும். அடுத்த ஆண்டின் விளைச்சலை இவ்வாண்டே விற்பதற்கு இது ஒப்பாகும். விதைநெல்லைக் குத்தி உண்ணாத உழவரும், பாவைப் பாதியில் அறுக்காத நெசவாளரும் இதனை நாம் சொல்லாமலே உணர்வார்கள்.