வைத்தியரின் நிழலாக

அமெரிக்காவில் வைத்தியக் கல்லூரியிற் சேர விழையும் மாணவர், பெரும்பாலும் முதலில் நான்காண்டுப் பட்டப் படிப்பொன்றை முடித்தல் வேண்டும். அக்காலத்திலேயே, தொழில் புரியும் வைத்தியர் ஒருவரைச் சில நாட்கள் பின்தொடர்ந்து அவர்தம் பணியைக் கண்டறிவர். 'நிழலாகத் தொடர்தல்' என்று இதனை அங்கு வழங்குவர்.

அத்தகைய வைத்தியரைத் தேடிக்கொள்வது பெரும்பாலும் மாணவரின் பொறுப்பே. குடும்ப வைத்தியரையும் கல்லூரி ஆலோசகரையும் முதலில் நாடலாம். அறிமுகமில்லாதவர்க்குச் சுருக்கமாகக் கடிதம் எழுதி, வரக்கூடிய நாட்களையும் குறிப்பிடலாம். பலர் மறுப்பர், மனந்தளரலாகாது. மறுப்பிற்கும் காரணம் உண்டு. நோயாளரின் விபரங்களை 1996ஆம் ஆண்டுச் சட்டமொன்று காக்கின்றது. ஆதலின் மாணவர் இரகசியம் பேணுவதாக ஒப்பமிட நேரலாம். நோயாளர் உடன்படாவிடின் அறையினின்றும் வெளியேறல் வேண்டும். மாணவர் காண்பவரேயன்றிச் சிகிச்சை செய்பவரல்லர்.

அங்கே காண்பவை யாவை? ஒரே முறைப்பாட்டைப் பத்தாம் முறையும் பொறுமையுடன் கேட்டல், தீராத நோயென்பதை உறவினர்க்கு எடுத்துரைத்தல், பொழுது சாய்ந்தபின்னும் குறிப்பெழுதுதல் ஆகியனவே. இவற்றைக் கண்டபின்னும் இத்தொழிலே வேண்டுமென்பவர் உறுதியோடு முன்செல்லலாம். வேண்டாமென்று உணர்பவர்க்கும் நட்டமில்லை. பல்லாண்டு உழைப்பும் பெருங்கடனும் தோள்மேல் ஏறுமுன் தம்மைத் தாம் அறிந்துகொண்டனரல்லவா?