உறை வலுவிழந்த விழியில் செயற்கை வில்லை: நிலைநிறுத்தும் அறுவை முறைகள் குறித்த ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

கண்புரை அறுவையில் பொருத்தப்படும் செயற்கை வில்லை, இயற்கை வில்லையின் உறைக்குள் அமர்ந்து நிலைபெறுகிறது. அவ்வுறையோ அதைத் தாங்கும் இழைகளோ சிதைந்துவிட்டால், வில்லையை எத்திசுவின் மீது நிறுத்துவது என்னும் வினா எழுகிறது. இதற்கு அறுவை மருத்துவம் கண்டுள்ள விடைகளைத் தாங்கும் திசுவின் அடிப்படையில் வகைப்படுத்தி, அவற்றின் நிறைகுறைகளை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: செயற்கை வில்லை, வில்லையுறை, தாங்கிழைகள், ஸ்கிளிரா, ஃபைப்ரின் பசை, யமானே முறை

முன்னுரை

இரண்டாம் உலகப்போரில் விமானிகளின் கண்களில் தெறித்துத் தங்கிய அக்ரிலிக் சில்லுகள் பெரிய அழற்சியை விளைவிக்கவில்லை. இதனைக் கவனித்த ஹரோல்டு ரிட்லி, 1949இல் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் முதல் செயற்கை வில்லையைப் பொருத்தினார். கண் ஏற்கும் பொருள் கிடைத்துவிட்டது. ஆயினும் அதனை நழுவாமல் நிறுத்தும் இடம் எது என்பது பல பத்தாண்டுகள் சிக்கலாகவே நீடித்தது. வில்லையுறையே அதற்கு ஏற்ற இடம் என்பது இன்று உறுதிப்பட்டுள்ளது. எனினும் விபத்துக்காயம், மார்ஃபான் நோய்க்குறி, போலி உரிதல் நோய்க்குறி, அறுவையின்போது பின்னுறை கிழிதல் ஆகியவற்றால் அவ்விடம் இல்லாமற்போகும் விழிகளும் உள.

கலைச்சொல் தெளிவு

‘விழிவெண்படலம்’ என்னும் சொல் தமிழில் கண்ணின் முன்புற ஒளிபுகு படலத்தையும், கண்ணின் வெண்மையான புறச்சுவரையும் குறிக்க ஆளப்படுகிறது. ‘கருவிழி’ என்பதும் இவ்வாறே இருபொருள் தருகிறது. கீழ்க்காணும் முறைகள் தாங்கும் திசுவால் வேறுபடுவன என்பதால், இம்மயக்கம் பொருளையே மாற்றிவிடும். ஆகவே இக்கட்டுரையில் முன்புற ஒளிபுகு படலம் கார்னியா எனவும், வெண்புறச்சுவர் ஸ்கிளிரா எனவும், பாவையைச் சூழ்ந்த நிறத்திரை ஐரிஸ் எனவும் சுட்டப்படுகின்றன.

1. முன்னறை வில்லை

ஐரிசுக்கு முன்னே, கார்னியாவும் ஐரிசும் கூடும் கோணத்தில் வில்லையின் கால்கள் ஊன்றப்படுகின்றன. செய்முறை எளிது, நேரமும் குறைவு. ஆயின் கார்னியாவின் உட்படலச் செல்கள் பிறந்தபின் பெருகிப் புதுப்பிக்கப்படுவதில்லை. அருகே அமர்ந்த வில்லையால் அவை குறையுமாயின் கார்னியா நீர்கோத்து மங்கும். கோணம் பாதிக்கப்பட்டால் கண்ணழுத்தமும் உயரக்கூடும்.

2. ஐரிஸ் பற்று வில்லை

நெதர்லாந்தின் யான் வொர்ஸ்ட் வடிவமைத்த இவ்வில்லை, இரு முனைகளிலும் உள்ள நகம் போன்ற பிளவுகளால் ஐரிசின் மடிப்பைக் கவ்விக்கொள்கிறது. ஐரிசின் பின்புறம் பொருத்தினால் கார்னியாவிலிருந்து விலகியிருக்கும். வளையாத வகை வில்லைக்கு அகன்ற வெட்டு தேவை. ஐரிஸ் சிதைந்த விழிக்கு இம்முறை பொருந்தாது.

3. ஸ்கிளிராத் தையல்

ஐரிசுக்குப் பின்னே வில்லையை நிறுத்தி, அதன் கால்களை நூலால் ஸ்கிளிராவுடன் பிணைப்பது இம்முறை. இங்கு வில்லையின் ஆயுள் நூலின் ஆயுளைப் பொறுத்தது. 10-0 அளவுள்ள பாலிப்ரொப்பிலீன் நூல் ஆண்டுகள் பல கழிந்து நைந்து அறுவதால் வில்லை நழுவுகிறது. இளம்வயது நோயாளிக்கு இது பெருங்குறை. தடித்த நூலோ பாலிடெட்ராஃபுளூரோஎதிலீன் நூலோ இதற்கு மாற்றாக ஆளப்படுகிறது. முடிச்சு வெளித்தெரிந்தால் தொற்று உட்புக வழியாகும் என்பதும் கருதத்தக்கது.

4. தையலற்ற முறைகள்

நூலைத் தவிர்த்து, வில்லையின் கால்களையே ஸ்கிளிராவுக்குள் புதைப்பது அடுத்த நிலை. ஷாரியாத்தும் பாவ்லிடிசும் 2007இல் இவ்வகை முறையொன்றை வெளியிட்டனர். சென்னையைச் சேர்ந்த அமர் அகர்வாலும் குழுவினரும் 2008இல் வெளியிட்ட பசைமுறையில், 180 பாகை எதிரெதிராக இரு ஸ்கிளிரா மடல்கள் பாதித்தடிமனில் உயர்த்தப்படுகின்றன. கால்கள் அவற்றின் கீழ் வெளிக்கொணரப்பட்டுச் சுரங்கத்துள் செருகப்பட்டபின், மடல்கள் ஃபைப்ரின் பசையால் மூடப்படுகின்றன. வில்லையைத் தாங்குவது சுரங்கமே; பசை மடலை மூடுகிறது.

ஜப்பானின் ஷின் யமானே 2017இல் வெளியிட்ட முறைக்கு மடலும் பசையும் வேண்டா. மெல்லிய சுவருள்ள இரு 30 கேஜ் ஊசிகளின் துளைகளுக்குள் கால்களைச் செலுத்தி வெளியே எடுத்து, நுனிகளை வெப்பத்தால் உருக்கிக் குமிழாக்கி, ஸ்கிளிராவுக்குள் அழுத்திவிடுவர். குமிழ் கால் உள்நழுவாமல் தடுக்கிறது. இருபுற ஊசிவழிகளின் கோணமும் நீளமும் ஒத்திராவிடின் வில்லை சாய்ந்து பார்வை பிறழும். இவ்விரு முறைகளுக்கும் பொதுவாக மூன்றுதுண்டு வில்லையே ஏற்றது.

மதிப்பீடு

அமெரிக்கக் கண் மருத்துவக் கழகத்தின் சார்பில் 2003இலும் 2020இலும் வெளிவந்த மதிப்பாய்வுகள், எந்த ஒரு முறையும் பிறவற்றினும் மேலானது என நிறுவப்படவில்லை என்றே கண்டன. எனவே தேர்வு விழியைப் பொறுத்தது: கார்னியாவின் செல்வளம் குன்றியிருப்பின் முன்னறை வில்லை தவிர்க்கத்தக்கது, ஐரிஸ் சிதைந்திருப்பின் ஸ்கிளிராவே புகலிடம், நெடுநாள் வாழ்வுள்ள இளையோருக்கு மெல்லிய நூலை நம்புதல் தகாது. எம்முறையாயினும், முன்னறைக்கு வந்த விழிப்படிகநீர்மத்தை முதலில் அகற்றவேண்டும். அதனைப் பற்றியிழுத்தால் விழித்திரை கிழியக்கூடும்.

முடிவுரை

ரிட்லியின் காலந்தொட்டு இம்முறைகளின் வளர்ச்சி, வில்லைக்கு நிலையான தாங்குதளம் தேடிய வரலாறாகும். அத்தளம் கார்னியாவின் அருகிலிருந்து ஐரிசுக்கும், நூலிலிருந்து ஸ்கிளிராவின் உட்சுவருக்கும் நகர்ந்துள்ளது. ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடும் நோயாளி, தம் கண்ணின் எப்பகுதி வில்லையைத் தாங்கப்போகிறது, அது எதனால் பழுதுபடக்கூடும் என்பதை அறிந்திருத்தல் அவர் உரிமை. அதற்கு மூன்று திசுக்களுக்கும் மயக்கமற்ற மூன்று தமிழ்ச்சொற்கள் வரையறுக்கப்படவேண்டும். இது கலைச்சொல்லாய்வாளரும் கண் மருத்துவரும் கூடிச் செய்யவேண்டிய பணியாகும்.