'ஆல்' என்னும் ஈறும் 'இஃப்' என்னும் சொல்லும்

வேலைக்கு விண்ணப்பம் அனுப்பிய இளைஞர் ஒருவருக்கு ஆங்கிலத்தில் பதில் வருகிறது என்று வைத்துக் கொள்வோம். அதில், 'இஃப் தேர் வேர் எ வேக்கன்சி, வீ வுட் கால் யூ' என்று ஒரு வரி. இளைஞர் அதனைத் தமிழாக்கிப் பார்க்கிறார்: 'இடம் காலியாக இருந்தால் உங்களை அழைப்போம்.' மனம் மகிழ்ந்து, அழைப்பு வரும் என்று நாள்தோறும் காத்திருக்கிறார். ஆனால் அவ்வரியின் கருத்தோ, 'இடமில்லை. ஆகவே அழைப்பதற்கில்லை' என்பதாகும். 'வேர்' இருந்த இடத்தில் 'இஸ்' என்றும், 'வுட்' இருந்த இடத்தில் 'வில்' என்றும் இருந்திருந்தால் மட்டுமே அவர் காத்திருப்பதில் பொருளுண்டு.

இளைஞரின் தமிழாக்கம் பிழையென்று சொல்வதற்கில்லை. தமிழில் ஒரே வடிவத்தால் சொல்லப்படும் இரு கருத்துகளை ஆங்கிலம் இரு வடிவங்களால் வேறு பிரித்துச் சொல்கிறது. இவ்வேறுபாட்டை அறியாதார்க்கு மறுப்பும் நம்பிக்கையாகத் தோன்றும். ஆதலின், ஆங்கில நிபந்தனை வாக்கியங்களைச் சூத்திரம்போல் மனனம் செய்வதினும், அவற்றின் இயல்பைத் தமிழோடு ஒப்பிட்டு உணர்வதே சிறந்த வழியாகும்.

தமிழில் நிபந்தனை

தொல்காப்பியர் வினையெச்ச வாய்பாடுகள் ஒன்பதனுள் 'செயின்' என்பதையும் ஒன்றாக வைத்தார். வரின், பெய்யின், உண்ணின் என்பன இவ்வாய்பாட்டைச் சேர்ந்தவை. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தியார் இதனை எதிர்கால வினையெச்சங்களுள் சேர்த்தார். இன்றைய வழக்கில் 'இன்' ஈற்றின் இடத்தைப் பெரும்பாலும் 'ஆல்' ஈறு பெற்றுவிட்டது. வரின் என்பது வந்தால் என்றும், பெய்யின் என்பது பெய்தால் என்றும் வழங்குகின்றன.

இங்கே உற்று நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. 'பெய்தது' என்னும் சொல்லில் இறந்த காலம் காட்டி நிற்கும் 'த்' என்னும் இடைநிலைதான் 'பெய்தால்' என்பதிலும் நிற்கிறது. ஆயினும், 'நாளை மழை பெய்தால் ஆட்டம் நடைபெறாது' என்று கூறும்போது மழை இன்னும் பெய்யவில்லை. வடிவம் இறந்த காலம், பொருள் எதிர்காலம். தமிழ்க் குழந்தை எதுவும் இதனால் மயங்குவதில்லை. அங்ஙனமிருக்க, ஆங்கிலத்தில் 'இஃப்' என்னும் சொல்லை அடுத்து இறந்தகால வினை வருவதைக் கண்டு தமிழ் மாணவர் திகைக்க வேண்டியதில்லை. இரு மொழிகளும் இறந்தகால வடிவத்தைக் காலம் காட்டுவதற்கு மட்டுமே பயன்படுத்தவில்லை என்பதே உண்மை.

ஆங்கிலத்தின் மூன்று படிகள்

'இஃப் யூ ஹீட் ஐஸ், இட் மெல்ட்ஸ்' என்பது போன்ற என்றும் மாறாத பொது உண்மைகளில் இரு பகுதிகளிலும் நிகழ்கால வினையே வரும். இதில் சிக்கல் எதுவுமில்லை. எஞ்சியவற்றை மூன்று படிகளாகக் கொள்ளலாம்.

முதற்படி, நடக்கக் கூடியது. 'இஃப் இட் ரெயின்ஸ் டுமாரோ, வீ வில் ஸ்டே அட் ஹோம்.' மழை பெய்யலாம், பெய்யாமலும் போகலாம். நிபந்தனைப் பகுதியில் நிகழ்கால வினையும், முடிவுப் பகுதியில் 'வில்' என்பதும் வரும். 'இஃப் இட் வில் ரெயின்' என்று எழுதுவது மாணவரிடையே பரவலாகக் காணப்படும் பிழை. எதிர்காலத்தை முடிவுப் பகுதியே காட்டிவிடுவதால் நிபந்தனைப் பகுதியிலும் அதனைக் காட்டுதல் வேண்டா.

இரண்டாம் படி, இன்றைய நிலைக்கு மாறான கற்பனை. 'இஃப் ஐ ஹேட் மனி, ஐ வுட் லெண்ட் யூ ஃபிஃப்டி டாலர்ஸ்.' இங்கே 'ஹேட்' என்பது நேற்றைய பணத்தைப் பற்றியதன்று. இன்று பணமில்லை என்பதைப் பற்றியது. காலத்தால் விலகி நிற்கும் வடிவத்தைக் கொண்டு, உண்மையினின்றும் விலகி நிற்கும் நிலையை ஆங்கிலம் குறிக்கிறது. 'இஃப் ஐ வேர் ரிச்' என்பதில் 'வாஸ்' வாராமல் 'வேர்' வருவது பழைய ஆங்கிலத்தில் கற்பனைக்கென்று தனியே இருந்த வினை வடிவத்தின் எச்சம். பேச்சில் 'வாஸ்' என்பாரும் உளர். எழுத்தில் 'வேர்' என்பதே சிறப்பு.

மூன்றாம் படி, நடவாமல் கடந்து போனது. 'இஃப் ஐ ஹேட் சீன் ஹிம், ஐ வுட் ஹேவ் ஸ்டாப்ட் ஹிம்.' இதற்கு நேரான வடிவம் தமிழில் உண்டு: 'அவனைப் பார்த்திருந்தால் தடுத்திருப்பேன்.' அதாவது, பார்க்கவுமில்லை, தடுக்கவுமில்லை. நீதிமன்றத்தில் சாட்சி ஒருவர் இவ்வாறு தமிழில் கூற, அதனை 'இஃப் ஐ சா ஹிம், ஐ ஸ்டாப்ட் ஹிம்' என்று மொழிபெயர்த்தால் விளைவு என்ன? 'அவனைப் பார்த்த போதெல்லாம் தடுத்தேன்' என்பது அதன் பொருளாகிவிடும். பார்க்கவே இல்லை என்றவர் பன்முறை பார்த்ததாக ஒப்புக்கொண்டவர் ஆகிவிடுவார்!

எளிய உரைகல்

ஆகவே முதற்படிக்கும் மூன்றாம் படிக்கும் தமிழில் தனித்தனி வடிவம் உண்டு. இரண்டாம் படிக்குத்தான் தனி வடிவமில்லை. 'பணம் இருந்தால் தருவேன்' என்பது பையில் பணம் இருக்கக் கூடியவரும் சொல்வது. பணமே இல்லாதவரும் சொல்வது. அப்படியானால் தமிழர் இவ்வேறுபாட்டை எவ்வாறு உணர்த்துகின்றனர்? பணமில்லாதவர், 'பணம் இருந்தால் தரமாட்டேனா?' என்று வினாவாகக் கூறுவார். சிறகில்லாதவர், 'எனக்கு மட்டும் சிறகிருந்தால்' என்று 'மட்டும்' சேர்த்துக் கூறுவார். கருத்து தமிழிலும் இருக்கிறது. அது வினையில் அமையாமல் வினாவிலும் துணைச் சொல்லிலும் அமைந்திருக்கிறது.

இதனையே மாணவர் உரைகல்லாகக் கொள்ளலாம். எழுத நினைக்கும் கருத்தை முதலில் தமிழில் சொல்லிப் பார்க்க வேண்டும். 'இருந்தால் தரமாட்டேனா?' என்று மாற்றிச் சொல்ல அது இடந்தந்தால் ஆங்கிலத்தில் 'ஹேட்', 'வுட்' என்பவற்றைப் பயன்படுத்துக. இடந்தராவிட்டால் 'ஹேவ்', 'வில்' என்பவற்றைப் பயன்படுத்துக. 'தந்திருப்பேன்' என்று வருமானால் 'ஹேட் ஹேட்', 'வுட் ஹேவ்' என்பவற்றைக் கொள்க.

மலாய் மொழியறிவு இவ்விடத்தில் கைகொடாது. அம்மொழியில் வினைச்சொல் காலத்திற்கேற்ப உருமாறுவதில்லை. 'கலாவ்', 'ஜிக்கா' என்னும் சொற்கள் நிபந்தனையைக் காட்ட, ஏனையவற்றைச் சூழ்நிலை உணர்த்தும். அப்பழக்கத்தில் ஆங்கிலம் எழுதுவோர் 'இஃப்' என்பதைச் சேர்த்ததும் கடமை முடிந்ததென எண்ணி வினையைக் கவனியாது விடுவர்.

அறிவிப்புகளில் கவனிக்க வேண்டியவை

'அன்லெஸ்' என்னும் சொல்லில் எதிர்மறை உள்ளடங்கியிருக்கிறது. 'அன்லெஸ் யூ பே' என்றாலே 'நீங்கள் செலுத்தாவிட்டால்' என்று பொருள். அதனோடு 'நாட்' என்பதையும் சேர்த்தால் கருத்து தலைகீழாகிவிடும்.

இன்னும் ஒன்று. கடன் பத்திரங்களிலும் அலுவலக அறிவிப்புகளிலும் 'இஃப்' இல்லாமலே நிபந்தனை வருவதுண்டு. 'ஷுட் யூ ஃபெய்ல் டு பே' என்று தொடங்கும் வரியில் 'ஷுட்' என்பதற்கு 'வேண்டும்' என்பது பொருளன்று. 'நீங்கள் செலுத்தத் தவறினால்' என்பதே பொருள். 'ஹேட் ஐ நோன்' என்பதும் இத்தகையதே. 'நான் அறிந்திருந்தால்' என்று அது பொருள்படும். இவ்வகைத் தொடர்களை அடுத்துப் பெரும்பாலும் அபராதமோ வழக்கோ பற்றிய எச்சரிக்கை வருமாதலால், கையொப்பமிடுவோர் இவற்றை இருமுறை படித்தல் நலம்.

நிபந்தனை வாக்கியம் தேர்வுத் தாளில் சில புள்ளிகளுக்குரிய வினா மட்டுமன்று. கடிதத்தில் வரும் வாக்குறுதியையும் மறுப்பையும், பத்திரத்தில் வரும் உரிமையையும் கடமையையும் பிரித்துக் காட்டுவது அதுவே. சொந்த மொழியின் 'ஆல்' ஈற்றை நன்கு உணர்ந்த மாணவர்க்கு அயல்மொழியின் 'இஃப்' கடினமாவதில்லை. இலக்கணம் கற்றிருந்தால், முதலிற் கண்ட அவ்விளைஞர் அன்றே வேறு வேலை தேடிப் புறப்பட்டிருப்பார்.