கழுத்துக்கும் சலப்பைக்கும் இப்படியொரு தொடர்பா? தெரியுமா உங்களுக்கு!

மூதூர் இறங்குதுறையில் நின்றால் கண்ணுக்கெட்டிய தூரம் கொட்டியாரக் குடா. அந்தக் கடல்நீரின் ஒரு லீற்றரில் எவ்வளவு அயடீன் இருக்கிறது தெரியுமா? ஏறத்தாழ 60 மைக்ரோகிராம்தான்! வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவை 150. அந்த நீரைக் காயவைத்து எடுத்த உப்பை நாளுக்கு 5 கிராம் சாப்பிட்டாலும், உள்ள அயடீன் முழுவதும் தப்பி வந்தாலும்கூட 10 மைக்ரோகிராமைத் தாண்டாது. கடலோரத்தில் இருந்துகொண்டு கடலுப்பை நம்பினால் அயடீன் குறைவால் வரும் கழுத்துக் கழலையைத் தடுக்க முடியாது! கடல்மீனும் இறாலும் உதவும். அதற்கும் மேலாக, 1995இல் இலங்கை உப்பில் அயடீன் சேர்ப்பதைச் சட்டமாக்கியது.

அந்த அயடீன் எங்கே போகிறது? உடலில் தங்கும் அயடீனில் பெரும்பங்கு கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பிக்குள். அங்கே தைரொக்சின் என்ற ஓமோன் உருவாகி, உடலின் ஒவ்வொரு கலத்துக்கும் வேகம் கொடுக்கிறது. வேலை முடிந்தபின்? சாப்பிட்ட அயடீனில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு சிறுநீரோடு வெளியேறுகிறது! ஒரு நாட்டு மக்களுக்கு அயடீன் போதுமான அளவு கிடைக்கிறதா என்று அளக்க உலகம் முழுவதும் பள்ளிப் பிள்ளைகளின் சிறுநீரைத்தான் சோதிக்கிறார்கள். கழுத்தின் கணக்கு சலப்பையில் எழுதப்படுகிறது!

இனி வருவது எனக்கு மிகவும் பிடித்தது. ஜேர்மனியின் பிராங்பேர்ட்டில் லுட்விக் ரேன் என்றொரு சத்திரசிகிச்சை நிபுணர். கண் பிதுங்கும் தைரொயிட் நோய்க்காக 1880இல் முதன்முதலில் அந்தச் சுரப்பியை அறுத்தெடுத்தவர் அவர். அதே மனிதர் 1895இல், சிவப்புச் சாயத் தொழிற்சாலையில் வேலைசெய்தவர்களுக்குச் சலப்பைப் புற்றுநோய் வருவதைக் கண்டுபிடித்து உலகுக்குச் சொன்னார்! மறு ஆண்டே, கத்திக்குத்தில் கிழிந்த இதயத்தைத் தைத்து ஓர் உயிரைக் காப்பாற்றினார். ஒரே கை, மூன்று அதிசயம்!

அந்தச் சாயத் தொழிலில் குற்றவாளிகள் அரோமற்றிக் அமைன் எனும் இரசாயனங்கள் என்று பிறகு தெளிவானது. அவை இன்று எங்கே இருக்கின்றன தெரியுமா? சிகரெட்டிலும் பீடிப் புகையிலும்! உறிஞ்சிய நஞ்சைச் சிறுநீரகம் வடித்துவிட, அது மணிக்கணக்கில் சலப்பைச் சுவரை நனைத்துக் கிடக்கிறது. சலப்பைப் புற்றுநோயில் ஏறத்தாழப் பாதிக்குக் காரணம் புகையிலைதான். அதோடும் விடவில்லை. புகையிலுள்ள சயனைட்டை உடல் தையோசயனேற்றாக மாற்றும். அது தைரொயிட்டுக்குள் அயடீன் நுழையும் வாசலையே மறிக்கும். ஒரு பீடி, இரண்டு உறுப்புக்கும் அடி! வள்ளத்தில் இராக்கண் விழிக்கும் நம் மீனவர்கள் இதைக் கேட்டேயாக வேண்டும். சிறுநீரில் வலியே இல்லாமல் இரத்தம் கண்டால், ஒரே தடவை கண்டாலும், ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

தைரொயிட் ஓமோனுக்கும் புற்றுக்கும் நேரடி உறவு உண்டா? 2005இல் அமெரிக்காவில் ஆய்வாளர் போல் டேவிஸின் குழுவினர் வியப்பான ஒன்றைக் காட்டினார்கள். தைரொக்சின் கலத்துக்குள் போகாமலே, வெளிச்சுவரிலுள்ள இன்டெக்ரின் என்ற புரதத்தில் ஒட்டிக் கட்டளை கொடுக்கிறது! புற்றுக்கலங்களும் அவற்றுக்கு உணவூட்ட முளைக்கும் இரத்தக் குழாய்களும் அந்தப் புரதத்தை ஏராளமாகச் சுமக்கின்றன. தைரொக்சினைச் சற்றே மாற்றிச் செய்த டெட்ராக் அதே இடத்தை அடைத்து, ஆய்வுகூடத்தில் புற்றுக்கலங்களின் வளர்ச்சியைத் தணிக்கிறது. சலப்பைப் புற்றில் இது இன்னும் ஆய்வு மேசையில்தான் இருக்கிறது. ஆகையால் வைத்தியர் தந்த தைரொக்சின் குளிசையை இதைக் கேட்டு ஒருவரும் நிறுத்திவிடக் கூடாது!

சிகிச்சையிலும் கழுத்தும் சலப்பையும் சந்திக்கின்றன. பிறந்த குழந்தையின் கையில் போடும் அதே பீசீஜீ தடுப்பூசியைத்தான் 1976இல் கனடாவின் வைத்தியர் அல்வாரோ மொறாலஸ் சலப்பைக்குள் செலுத்திப் புற்றை அடக்கினார். இன்றும் அது முன்னணி மருந்து. கழுத்தைத் தொடுபவை அதற்குப் பின் வந்தவை. 2016இல் வந்த அடெசோலிசுமாப் போன்ற மருந்துகள் உடலின் காவல் கலங்களுடைய கட்டை அவிழ்த்துவிடுகின்றன. அவிழ்ந்த காவலர் புற்றை மட்டும் தாக்குவதில்லை. சிலருக்குத் தைரொயிட்டையும் தாக்கி அதன் சுரப்பைக் குறைத்துவிடுகிறார்கள். அதனால்தான் சலப்பைப் புற்றுக்கு இத்தகைய மருந்து பெறுபவரிடம் அடிக்கடி இரத்தம் எடுத்துத் தைரொயிட்டைச் சோதிக்கிறார்கள். சுரப்பு குறைந்தால் கொடுப்பது என்ன தெரியுமா? அதே தைரொக்சின் குளிசை!