மூலமட்டமும் கவராயமும் – 9: வீராம்பட்டினத்துச் செங்கல்லும் பாரிசின் ஒன்பது சகோதரிகளும்

ஃப்ரீமேசன் இயக்கத்தின் மூன்று படிநிலைகளும் அவற்றுக்குரிய சடங்குகளும் சென்ற இதழில் விளக்கப்பட்டன. கொத்தனாரின் கருவிகளை அறக் குறியீடுகளாகக் கொண்டு, உறுதிமொழி எடுத்துச் சேர்வோரைச் சகோதரர்களாகப் பிணைக்கும் அமைப்பு அது என்பதைப் புதிதாகப் படிப்போர் நினைவில் கொண்டால் போதும். இந்த வாரம் அவ்வியக்கத்தின் கடவுட் கொள்கையும் அறக்கொடை நெறியும் பேசப்படும் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. முன்னது பேசப்படுகிறது, பின்னதற்கு இடம் எஞ்சுமா என்பது வீராம்பட்டினம் எவ்வளவு இடத்தை எடுத்துக்கொள்கிறது என்பதைப் பொறுத்தது.

இவ்வியக்கத்தார் வேதநூல் ஒன்றை இயற்றி வைத்துக்கொண்டு அறம் போதிப்பவர்கள் அல்லர். கொத்தனாரின் கைப்பெட்டியே அவர்களுடைய நீதிநூல். மூலைகள் செங்கோணமாக அமைந்துள்ளனவா என்று பார்க்க உதவும் மூலமட்டம் நடத்தையின் நேர்மையையும், சமதளம் காட்டும் மட்டப்பலகை மனிதர்களிடையே உள்ள சமத்துவத்தையும், சுவரின் நிமிர்வைச் சோதிக்கும் தூக்குக்குண்டு உள்ளத்தின் நிமிர்வையும், வட்டம் வரையும் கவராயம் ஆசைகளுக்கு ஒருவன் தானே இட்டுக்கொள்ள வேண்டிய எல்லையையும் குறிக்கின்றன. புதிதாகச் சேர்பவன், குவாரியிலிருந்து வெட்டியெடுத்தபடியே கிடக்கும் கரடுமுரடான கல்லாகக் கருதப்படுகிறான். சுத்தியும் உளியும் கொண்டு அந்தக் கல்லைச் செதுக்கிச் சுவரில் பொருந்தும் நிலைக்குக் கொண்டுவருவது அவனுடைய ஆயுட்காலப் பணி என்றும், அப்பணியை வேறொருவர் அவனுக்காகச் செய்து தர இயலாது என்றும் அவனுக்குச் சொல்லப்படுகிறது. இந்தப் போதனையில் சொர்க்கமும் இல்லை, நரகமும் இல்லை என்பதைக் கவனித்துக்கொண்டால், பின்னால் வரப்போகும் பூசலின் வேர் எங்கே இருக்கிறது என்பது தெளிவாகும்.

கல் இல்லாத கரையில் இந்த உருவகம் எப்படி எடுபடும் என்ற கேள்வியே வீராம்பட்டினத்துக்கு இட்டுச்செல்கிறது. புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆறு கடலைத் தொடும் இடத்துக்கு அருகிலுள்ள அந்த மீனவக் கிராமத்தில் மணலும் உப்பங்கழியும் உண்டு, பாறை கிடையாது. ஆனால் அங்கே செங்கல் இருந்தது, அதுவும் மண்ணுக்கடியில் ஏராளமாக இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே சென்ற பிரெஞ்சு வானியலாளர் கியோம் லெ ழாந்தி, ஊரார் ஆற்றங்கரையைத் தோண்டிப் பெரிய பெரிய பழங்காலச் செங்கற்களை எடுப்பதைக் கண்டு, அவை வீரராகவன் என்னும் அரசனின் கோட்டையிலிருந்து கிடைப்பவை என்று அவர்கள் கூறியதையும் எழுதிவைத்தார். அரிக்கமேடு என்று இன்று உலகம் அறிந்த தொல்லியல் களத்தைப் பற்றிய தொடக்ககாலக் குறிப்புகளுள் ஒன்று இது. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே ஏறத்தாழ 150 அடி நீளமுள்ள செங்கற் கட்டடம் ஒன்றைத் தோண்டி வெளிப்படுத்தினார். அவருக்குப் பின் அகழ்ந்த ழான்-மரி கசால் 1949-இல் வெளியிட்ட நூலின் தலைப்பில் வீராம்பட்டினத்தின் பெயர் அரிக்கமேட்டுக்கு முன்னால் நிற்கிறது. ஊர்க்கோயிலான செங்கழுநீர் அம்மன் கோயிலின் தலவரலாற்றிலும் வீரராகவன் என்ற பெயரே வருகிறது. அங்கே அவர் அரசர் அல்லர், மரக்கட்டையொன்றைக் கண்டெடுத்த மீனவர். வீட்டில் அதை விறகுக்காகப் பிளக்க முயன்றபோது அதிலிருந்து குருதி பெருகியதாம்.

லெ ழாந்தி செங்கல் தேடி வந்தவர் அல்லர். வெள்ளிக் கோள் சூரியனின் முகத்தைக் கடந்து செல்லும் அரிய நிகழ்வை, அதாவது வெள்ளி இடைநகர்வை, உலகின் பல இடங்களிலிருந்தும் அளந்தால் பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கணக்கிடலாம் என்பதால், பாரிஸ் அறிவியற் கழகம் 1760-இல் அவரைப் புதுச்சேரிக்கு அனுப்பியது. அவருடைய கப்பல் மலபார்க் கரையை எட்டியபோது, 1761 ஜனவரியிலேயே பிரெஞ்சுத் தளபதி லாலி புதுச்சேரியை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துவிட்டார் என்ற செய்தி காத்திருந்தது. ஜூன் 6 அன்று வானம் தெளிவாக இருந்தும், ஆடும் கப்பல் தளத்திலிருந்து பயனுள்ள அளவீடு எதையும் அவரால் எடுக்க முடியவில்லை. எட்டு ஆண்டுகள் கழித்து வரவிருந்த அடுத்த இடைநகர்வுக்காகக் கீழைக்கடல்களிலேயே தங்கி, 1768-இல் புதுச்சேரிக்கு வந்து, ஆங்கிலேயர் இடித்துப்போட்ட கோட்டையின் இடிபாடுகள் மீது ஆய்வுக்கூடம் அமைத்துக் காத்திருந்தார். சென்னையிலிருந்த ஆங்கிலேயர்கள், போர் முடிந்து ஆறு ஆண்டுகூட ஆகாத நிலையில், தங்களிடமிருந்த நல்ல தொலைநோக்கி ஒன்றை அவருக்கு இரவல் கொடுத்தனர். 1769 ஜூன் 4 காலை சரியான வேளையில் மேகம் வந்து சூரியனை மூடியது. இடைநகர்வு முடிந்த பிறகு கலைந்தது. அவருக்கு ஆறுதலாகப் புதுச்சேரி வேறொன்றைக் கொடுத்தது: 1765 ஆகஸ்ட் 30 அன்று நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் நீளத்தைத் தமிழ்நாட்டுக் கணிதர் முறையில் கணக்கிட்டபோது வந்த பிழை 41 வினாடி மட்டுமே என்றும், ஐரோப்பாவின் மிகச் சிறந்த அட்டவணையின் பிழை அதைவிடப் பெரியது என்றும் அவர் பதிவு செய்தார். 1771-இல் ஊர் திரும்பியபோது, அவர் இறந்துவிட்டதாக எண்ணி உறவினர்கள் சொத்தைப் பங்கிட முனைந்திருந்தனர்.

இவ்வளவும் ஃப்ரீமேசன் தொடரில் எதற்கு என்று கேட்கும் வாசகருக்கு விடை லலாந்த் என்ற பெயரில் இருக்கிறது. உலகெங்கிலுமிருந்து வந்த 1769-ஆம் ஆண்டு அளவீடுகளைத் திரட்டிக் கணக்கிட்டவர்களுள் முதன்மையானவரும், அவ்வகையில் புதுச்சேரியின் மேகத்தால் நட்டமடைந்தவருமான ழெரோம் லலாந்த், 1776-இல் பாரிசில் ‘ஒன்பது சகோதரிகள்’ என்ற லாட்ஜின் முதல் தலைவரானார். லாட்ஜ் என்பது ஃப்ரீமேசன்கள் கூடிச் சடங்கும் அலுவலும் நடத்தும் அடிப்படை அமைப்பு, ஒன்பது சகோதரிகள் என்போர் கிரேக்கரின் கலைத்தேவியர். புகழ்பெற்ற பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தின் 1777-ஆம் ஆண்டுத் துணைத்தொகுதியில் ஃப்ரீமேசன் இயக்கத்தைப் பற்றிய கட்டுரையை எழுதியவரும் அவரே. அதே லலாந்த் கடவுள் மறுப்பை ஒளிக்காமல் பேசியவர்; நாத்திகர்களின் அகராதி ஒன்றுக்குப் பிற்காலத்தில் பிற்சேர்க்கைகள் எழுதியவர். ஆக, இறைநம்பிக்கையே நுழைவாயில் என்று பொதுவாகச் சொல்லப்படும் ஓர் இயக்கத்தின் மிகப் புகழ்பெற்ற லாட்ஜ்களுள் ஒன்றை நிறுவித் தலைமை தாங்கியவர் ஒரு நாத்திகர்.

அவர் தலைமையில் 1778 ஏப்ரல் 7 அன்று, 83 வயது வால்டேர் பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் கையைப் பற்றியபடி அந்த லாட்ஜுக்குள் நுழைந்து ஃப்ரீமேசன் ஆனார். மறைந்த மெய்யியலாளர் எல்வேசியஸுக்கு உரியதாக இருந்த, உறுப்பினர் இடுப்பில் கட்டும் தோலாடை அவருக்கு அணிவிக்கப்பட்டது. இந்தக் காட்சியை எல்லா வரலாறுகளும் சொல்கின்றன. புதுச்சேரிக்காரர்கள் மறக்கக் கூடாத பகுதி அடுத்த மாதம் நிகழ்ந்தது. புதுச்சேரியை இழந்த குற்றத்துக்காக 1766-இல் பாரிசில் தலை வெட்டப்பட்ட அதே லாலியின் மீதான தீர்ப்பு அநீதியானது என்று வால்டேர் ஆண்டுக்கணக்கில் எழுதிவந்தார். லாலியின் மகன் தொடுத்த வழக்கில் அத்தீர்ப்பு 1778 மே மாதம் தள்ளுபடியானது. சாகக் கிடந்த வால்டேர் அச்செய்தியைக் கேட்டு மகிழ்ந்து லாலியின் மகனுக்குச் சில வரிகள் அனுப்பினார்; மே 30 அன்று இறந்தார். அவருடைய கடைசிக் கடிதமாகப் பொதுவாகக் கருதப்படுவது அதுதான். ஃப்ரீமேசன் அறத்தின் மூன்று தூண்களாகச் சொல்லப்படும் சகோதர அன்பு, துயர் துடைத்தல், உண்மை ஆகியவற்றுள் கடைசி இரண்டுக்கும் இதைவிடப் பொருத்தமான சான்றைத் தேடுவது கடினம். ஆனால் வால்டேர் இந்த வேலையை லாட்ஜில் கற்கவில்லை, கற்று முடித்த பிறகே லாட்ஜுக்குப் போனார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இனிக் கடவுட் கொள்கை. 1717-இல் லண்டனில் தோன்றிய பெருலாட்ஜுக்காக, அதாவது பல லாட்ஜ்களை ஆளும் தலைமை அமைப்புக்காக, ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற பாதிரியார் 1723-இல் தொகுத்த விதிநூல், உறுப்பினர்களை எந்த ஒரு திருச்சபைக்கும் கட்டாமல், எல்லா மனிதரும் ஒத்துக்கொள்ளும் பொதுவான நெறி ஒன்றுக்கு மட்டுமே கட்டியது. நாத்திகத்தை அது ஏற்கவில்லை. சமயப் போர்களால் நொந்திருந்த நாட்டில், வெவ்வேறு சபையினர் ஒரே மேசையில் அமர்வதற்கு அதுவே போதுமானதாக இருந்தது. கடவுளுக்கு அவர்கள் வைத்த பெயர் அண்டத்தின் பெருஞ்சிற்பி. அந்தச் சிற்பி யார் என்பதைப் பற்றி லாட்ஜுக்குள் வாதிடக் கூடாது என்பதும் விதி. இந்தியாவில் இந்த விதி எதிர்பாராத அளவுக்கு விரிந்தது: விவிலியம் இருந்த பீடத்தில் கீதையும் குர்ஆனும் பார்சிகளின் அவெஸ்தாவும் இடம்பெற்றன, உறுதிமொழி எடுப்பவர் தத்தம் நூலின் மீது கைவைத்தார்.

பிரான்சில் கதை வேறு திசையில் போயிற்று. அங்குள்ள தலைமை அமைப்பான கிராண்ட் ஓரியண்ட், 1849-இல்தான் கடவுள் உண்டு என்பதையும் ஆன்மா அழியாது என்பதையும் தன் விதிகளில் வெளிப்படையாக எழுதியது; 1877-இல் அவ்வரியை நீக்கி, முழுமையான மனச்சாட்சிச் சுதந்திரத்தை அதன் இடத்தில் வைத்தது. நீக்கலாம் என்று பரிந்துரைத்துப் பேசிய ஃபிரெடெரிக் தெமோன் ஒரு புராட்டஸ்டண்டு போதகர். கடவுளை மறுக்கச் சொல்லவில்லை, அந்தக் கேள்வியை ஒவ்வொருவரிடமும் விட்டுவிடுவோம் என்பதே அவருடைய வாதத்தின் சாரம். லண்டன் இதை ஏற்காமல் மறு ஆண்டே கிராண்ட் ஓரியண்டுடன் உறவை முறித்துக்கொண்டது; முறிவு இன்றுவரை நீடிக்கிறது. நூறாண்டுகளுக்கு முன் லலாந்தைத் தலைமையில் அமர்த்தியிருந்தவர்கள் 1877-இல் செய்தது, உள்ளதை எழுத்தில் ஒப்புக்கொண்டது மட்டுமே என்று கொள்வதே பொருத்தம். மட்டப்பலகையும் தூக்குக்குண்டும் அதற்கு முன்பு கற்பித்ததையே அதற்குப் பிறகும் கற்பித்தன.

இந்தப் பிளவு சோழமண்டலக் கரையில் நிலப்படமாகவே விழுந்தது. சென்னையில் 1786-இல் ஆங்கிலேயரின் ‘பரிபூரண ஒருமைப்பாடு’ லாட்ஜ் நிறுவப்பட்டது. அதே பத்தாண்டில் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் ‘உலகளாவிய சகோதரத்துவம்’ என்ற பெயரில் ஒன்றை அமைத்தனர். தொலைநோக்கியை இரவல் கொடுத்த ஊருக்கும் வாங்கிய ஊருக்கும் இடையே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தூரம்தான். 1878-க்குப் பிறகு, சென்னை லாட்ஜின் உறுப்பினர் கிராண்ட் ஓரியண்ட் லாட்ஜ் எதிலும் சகோதரராக அமர விதி இடந்தரவில்லை.

பிரெஞ்சுக் குடியரசின் அமைச்சர்கள் பலர் இந்த மனச்சாட்சிச் சுதந்திரத்தில் ஊறியவர்கள். புதுச்சேரித் தமிழர் தம் சாதி, சமய வழக்குகளைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்குள் வர வழிசெய்த 1881 செப்டம்பர் 21 ஆணை வெளியானபோது பிரதமராக இருந்த ழுல் ஃபெரி, 1875-இல் பாரிசில் ஃப்ரீமேசன் ஆனவர். அதே குடியரசின் ஆளுநர் ஆடி மாதம் ஐந்தாம் வெள்ளியன்று வீராம்பட்டினத்துக்கு வந்து செங்கழுநீர் அம்மன் தேரின் வடத்தைப் பிடித்து இழுப்பது வழக்கமாக இருந்தது. இன்று அந்த இடத்தில் துணைநிலை ஆளுநர் நிற்கிறார். லண்டன் வழியினர் இதை அவரவர் சமயம் என்று சொல்லிக் கடந்துவிடுவர். பாரிஸ் வழியினர் நிருவாகக் கடமை என்பர். ஊர் மக்களுக்கு இரண்டு விளக்கமும் தேவைப்பட்டதாகத் தெரியவில்லை. வடம் பிடிக்க ஆளுநர் வந்தாரா என்பதே அவர்களுக்குக் கணக்கு.

அறக்கொடை நெறி அடுத்த இதழுக்குத் தள்ளிப்போகிறது. சேர வருபவனிடமிருந்த காசையும் உலோகத்தையும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு அவனிடமே ஏழைகளுக்கு நிதி கேட்கும் சடங்கு அதில் விளக்கப்படும். ஆர்க்காட்டு நவாபின் மூத்த மகன் உம்தத்-உல்-உமரா திருச்சிராப்பள்ளியில் ஃப்ரீமேசன் ஆனதும், லண்டன் பெருலாட்ஜ் அவருக்குத் தோலாடையும் விதிநூலும் அனுப்பியதும், அவர் பாரசீக மொழியில் எழுதிய மறுமொழி சரிகைத் துணியில் பொதியப்பட்டு லண்டன் போய்ச் சேர்ந்ததும் அங்கே வரும்.